உணவுக்குழாய்க் கட்டிகளுக்கு வைரஸ் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் திசு ஆய்வுக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஸ்கோப் (வாய் வழியாகக் குழாயை விட்டு உள்ளே பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டு வரும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் அறிக்கையைக் கையோடு கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கம். அதில் "பாப்பிலோமா" என்றோ "எச்பிவி" என்றோ ஒரு சொல் இருந்துவிட்டால் வீடே கலங்கிவிடுகிறது. அப்படி வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லன். உங்கள் உடலைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.

அறிக்கையில் பாப்பிலோமா என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். அதன் உட்புறத்தை, வாயின் உட்புறத்தைப் போலவே, தட்டையான உயிரணுக்கள் பல அடுக்குகளாக மூடியிருக்கின்றன. அந்தப் படலம் ஓரிடத்தில் மட்டும் மிகையாக வளர்ந்து, தோலில் வரும் மருவைப் போலப் புடைத்து நிற்பதே பாப்பிலோமா. தமிழில் மருக்கட்டி எனலாம். இது புற்றுநோய் அன்று. பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அரை செண்டிமீட்டரைத் தாண்டுவது குறைவு. ஸ்கோப் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இது காணப்படுகிறது. அவர்களிலும் பலர் "கேஸ்ட்ரிக்" தொல்லைக்காகப் போனவர்கள். மருக்கட்டியால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

ஆய்வுக்கூடத்தில் இந்தக் கட்டியை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், கைவிரல்களை விரித்து வைத்தாற்போலத் தெரியும். ஒவ்வொரு விரலின் நடுவிலும் நுண்ணிய இரத்த நாளங்கள் ஓடும் ஒரு தண்டு இருக்கும். அதன்மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் படலம் போர்த்தியிருக்கும். அடி அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரை உயிரணுக்கள் ஒழுங்கு தவறாமல் முதிர்ந்துகொண்டே போகும். அந்த ஒழுங்கைக் கண்ட பிறகுதான் நோயியல் மருத்துவர் "தீங்கற்றது" என்று எழுதுகிறார். ஆகவே உங்கள் அறிக்கையில் முதலில் தேட வேண்டிய சொல் அதுதான்.

இந்த மருக்கட்டி வைரஸால்தான் வருகிறதா?

சிலருக்கு வைரஸின் பங்கு இருக்கலாம், பலருக்கு இல்லை. மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்பிவி, தோலிலும் ஈரப்படலங்களிலும் மருக்களை உண்டாக்குவது நன்றாக அறியப்பட்ட செய்தி. குரல்வளையில் குழந்தைகளுக்கு வரும் மருக்கட்டிகளுக்கு எச்பிவி 6, எச்பிவி 11 ஆகிய இரு வகைகளே காரணம் என்பதும் உறுதியானது. உணவுக்குழாயின் படலமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், இங்கும் அதுவே காரணமாக இருக்குமோ என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினார்கள். சில ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்ட மருக்கட்டிகளில் வைரஸ் கிடைத்தது. வேறு சில ஆய்வுகளில் ஒன்றில்கூடக் கிடைக்கவில்லை. ஒரே கட்டியைப் பற்றி இவ்வளவு முரண்பட்ட விடைகள் வருவதற்கு, ஊருக்கு ஊர் வைரஸ் பரவலில் உள்ள வேறுபாடும், ஆய்வுமுறைகளில் உள்ள வேறுபாடும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

வைரஸ் இல்லாத கட்டிகளுக்கு வேறு விளக்கம் உண்டு. வயிற்றிலிருந்து அமிலம் மேலேறி வந்து படலத்தை நாள்தோறும் அரிப்பதும், நீண்டநாள் உறுத்தலும், புண் ஆறும்போது திசு அளவுக்கு மீறி வளர்வதும் மருக்கட்டியை உண்டாக்கக்கூடும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களின் உணவுக்குழாயில், கீழ்ப்பகுதியில் காணப்படும் சிறு மருவுக்கு இந்த விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தாலே வைரஸ் இருப்பது தெரியாதா?

வைரஸ் தெரியாது, அதன் தடம் தெரியலாம். எச்பிவி பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுவின் கரு சுருங்கி, உலர்திராட்சை போல வரிவரியாகி, அதைச் சுற்றி வெறுமையான ஒரு வெள்ளை வளையம் உண்டாகும். 1956-இல் லியோபோல்டு காஸ் என்ற நோயியல் அறிஞரும் அவருடைய சக ஆய்வாளரும் இதற்குக் "கொய்லோசைட்" என்று பெயரிட்டார்கள். "உட்குடைவான உயிரணு" என்று பொருள். முதன்முதலாக நுண்ணோக்கியின் கண்ணாடித் தகட்டில் அந்த வளையத்தைத் தெளிவாகப் பார்த்தபோது, சோப்பு நுரைக்குள் ஒரு மிளகு கிடப்பது போல எனக்குத் தோன்றியது. ஆனால் உணவுக்குழாய்ப் படலத்தில் சர்க்கரைச் சத்து நிறைந்த சாதாரண உயிரணுக்களும் வெளிறித்தான் தெரியும். பழகாத கண் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடும். எனவே இந்தத் தடத்தை மட்டும் வைத்து வைரஸ் இருக்கிறது என்று முடிவு கட்டுவது முறையன்று.

எச்பிவி என்றால் கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் அதே வைரஸா?

ஒரே குடும்பம்தான்; ஆனால் ஒரே உறுப்பினர் என்று சொல்ல முடியாது. இந்த வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 போன்றவை மருவோடு நின்றுவிடுபவை. 16, 18 போன்றவை புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடியவை. உலகில் கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு இந்த இரண்டால் வருகின்றன. இந்தத் தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறிக்கையில் எச்பிவி என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். வகை சோதிக்கப்படாமலும் இருந்திருக்கலாம். மருக்கட்டிக்கு அந்தச் சோதனை வழக்கமாகத் தேவைப்படுவதில்லை.

மருக்கட்டி பின்னாளில் புற்றுநோயாக மாறுமா?

தனியாக இருக்கும் சிறு மருக்கட்டி அப்படி மாறுவது மிக மிக அரிது. உணவுக்குழாய் முழுவதும் எண்ணற்ற மருக்கள் படர்ந்திருக்கும் நிலை ஒன்று உண்டு. அதுவும் அரிதானதே; ஆனால் அந்த நிலையில் புற்றுநோய் தோன்றிய நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மருவைப் போன்ற தோற்றத்தில் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றுநோயும் உண்டு. அதன் மேற்பரப்பிலிருந்து மட்டும் துணுக்கு எடுத்தால் தீங்கற்றது போலவே தெரியும். அதன் குணம் அடியில்தான் இருக்கும். எனவே கட்டி பெரிதாக இருந்தாலோ, விழுங்கும்போது தடை இருந்தாலோ, முதல் பயாப்சியில் (துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனையில்) ஒன்றுமில்லை என்று வந்தாலும் மருத்துவர் மறுபடி ஆழமாக எடுக்க விரும்பலாம். "ஒருமுறைதான் எடுத்தாயிற்றே" என்று மறுத்துவிடாதீர்கள்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கே வைரஸ் காரணம் என்று படித்தேன். உண்மையா?

இந்தக் கேள்விக்கு 40 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1982-இல் பின்லாந்தைச் சேர்ந்த காரி சிர்யானென், உணவுக்குழாயின் தட்டை உயிரணுப் புற்றுநோய்க்கு அருகிலிருந்த படலத்தில் எச்பிவியின் தடத்தை ஒத்த மாற்றங்களைக் கண்டு, இந்த வைரஸுக்குப் பங்கு இருக்கக்கூடும் என்று எழுதினார். அதன் பிறகு உலகெங்கும் தேடல் தொடங்கியது. சீனாவின் ஹெனான் மாநிலம், ஈரானின் கோலெஸ்தான், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்கே ஆகியவை இந்தப் புற்றுநோய் மிகுதியாக உள்ள பகுதிகள். அத்தகைய இடங்களிலிருந்து வந்த திசுக்களில் வைரஸ் அடிக்கடி கிடைத்ததாகப் பல ஆய்வுகள் கூறின. நோய் குறைவாக உள்ள மேலை நாடுகளின் திசுக்களில் அது அரிதாகவே கிடைத்தது.

இதைக் கேட்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை மருத்துவத்திலும் உண்டு. வைரஸ் அங்கே இருந்தது என்பது வேறு. வைரஸால்தான் நோய் வந்தது என்பது வேறு. இரண்டாவதை நிறுவ வேண்டுமானால், வைரஸின் மரபணு புற்று உயிரணுக்களுக்குள் இருப்பதோடு, அங்கே வேலை செய்துகொண்டிருப்பதையும் காட்ட வேண்டும்.

கருப்பைவாயில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வைரஸின் ஈ6 என்ற புரதம், உயிரணுவின் காவலாளியான பி53 என்ற புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. ஈ7 என்ற புரதம், உயிரணு கண்டபடி பிளவுபடாமல் தடுக்கும் இன்னொரு புரதத்தை முடக்கிவிடுகிறது. காவலாளியை வைரஸே வீழ்த்திவிடுவதால், அங்கே பி53 மரபணு பெரும்பாலும் பழுதுபடாமலேயே இருக்கும். உணவுக்குழாயின் தட்டை உயிரணுப் புற்றுநோயில் நிலைமை நேர்மாறானது. அங்கே மிகப் பெரும்பாலான கட்டிகளில் பி53 மரபணுவே பழுதுபட்டிருக்கிறது. புகையிலும் மதுவிலும் உள்ள நச்சுகள் மரபணுவை நேரடியாகத் தாக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய பழுது அது. 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, 164 உணவுக்குழாய்ப் புற்றுக்கட்டிகளின் மரபணுக்களை முழுமையாகப் படித்துப் பார்த்தது. எச்பிவி அவற்றை இயக்குகிறது என்பதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் வெளியிட்ட தொகுப்பிலும், எச்பிவி 16 புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான உறுப்புகளாகக் கருப்பைவாய், ஆசனவாய், தொண்டை முதலியவை கூறப்பட்டுள்ளன. உணவுக்குழாய் அந்த வரிசையில் இல்லை.

என் மதிப்பீடு இதுதான்: சில பகுதிகளில், சிலருக்கு, வைரஸ் துணைக்காரணியாக இருக்கக்கூடும் என்ற வாசல் இன்னும் முழுவதும் அடைபடவில்லை. ஆனால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு தமிழருக்கு இந்தப் புற்றுநோய் வந்தால், வைரஸைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

அப்படியானால் அந்த ஆய்வுகளில் வைரஸ் கிடைத்தது எப்படி?

பிசிஆர் என்னும் சோதனை, ஒரு சிட்டிகை டிஎன்ஏவைக் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கிக் காட்டுவது. அதன் வலிமையே அதன் ஆபத்தும் ஆகும். ஸ்கோப் குழாய் வாய், தொண்டை வழியாகத்தான் உள்ளே போகிறது. அங்கே ஒட்டியிருந்த ஓர் உயிரணு துணுக்கோடு வந்துவிட்டால்கூடச் சோதனை "உண்டு" என்று சொல்லிவிடக்கூடும். மெழுகுக் கட்டிகளைச் சீவும் கத்தியை ஒவ்வொரு முறையும் துடைக்க மறந்தால், முந்தைய நோயாளியின் திசு அடுத்தவருடையதில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதலில் கற்பித்த பாடமே அந்தத் துடைப்புதான். எச்பிவி 18 தாங்கிய ஹீலா என்னும் உயிரணுக்களை உலகின் எத்தனையோ ஆய்வுக்கூடங்கள் 1951 முதல் வளர்த்து வருகின்றன. அவற்றின் கலப்பும் ஒரு தொல்லை.

மாடுகளுக்கு இப்படி வருகிறதாமே?

ஆம், வைரஸ் தொடர்பு என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியதே அந்த மாடுகள்தான். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் மேய்ந்த மாடுகளுக்கு வாயிலிருந்து உணவுக்குழாய் வரை மருக்கள் வந்தன. அவற்றில் சில புற்றுநோயாக மாறின. கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் 1978-இல் இதன் காரணத்தை எடுத்துரைத்தார்கள். மருக்களை உண்டாக்கியது மாட்டுப் பாப்பிலோமா வைரஸின் ஒரு வகை. ஆனால் வைரஸ் மட்டும் தொற்றிய மாடுகளுக்கு மருக்கள் சில காலத்தில் தாமாகவே உதிர்ந்துவிட்டன. பிராக்கன் என்னும் பெரணிச் செடியைத் தின்ற மாடுகளுக்கே அவை உதிராமல் பெருகிப் புற்றாயின. அந்தச் செடியின் நச்சு, எதிர்ப்பாற்றலையும் குலைத்து, மரபணுவையும் கெடுத்தது. வியப்பு என்னவென்றால், முற்றிய புற்றுக்கட்டியில் தேடியபோது வைரஸின் டிஎன்ஏ அங்கே இல்லை. தொடக்கத்தில் வந்து, வேலையை ஆரம்பித்துவிட்டு, மறைந்துவிட்டது.

மனிதர்களிடமும் வைரஸ் இப்படி வந்து மறைந்திருக்கலாமே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை எளிதில் தள்ள முடியாது. ஆனால் தடயமே இல்லாத ஒன்றை நிறுவவும் முடியாது. நான் இந்த மாடுகளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி வேறு: வைரஸ் இருந்தும், நச்சுச் செடியைத் தின்னாத மாடு பிழைத்துக்கொண்டது. சந்தையில் நாம் வாங்கும் பூச்சோக் பாக்கு கீரையும் பெரணி இனம்தானே என்று ஓர் அம்மா கேட்டார். அது வேறு செடி. இந்த ஆய்வு அதைப் பற்றியது அன்று.

நெஞ்செரிச்சலால் வரும் பாரெட் மாற்றத்துக்கும் வைரஸுக்கும் தொடர்பு உண்டா?

நீண்டநாள் அமிலம் மேலேறுவதால் உணவுக்குழாயின் கீழ்ப்படலம் குடல் படலத்தைப் போல மாறுவதைப் பாரெட் என்பார்கள். அதிலிருந்து வரும் புற்றுநோய் சுரப்பி உயிரணு வகையைச் சேர்ந்தது. 2013-இல் ஆஸ்திரேலியாவில் ராஜேந்திரா என்ற மருத்துவரின் குழு, முற்றிய பாரெட் மாற்றங்களில் எச்பிவி செயல்பாட்டுடன் இருப்பதாக வெளியிட்டது. வேறு குழுக்களால் அதே அளவில் அதை மீண்டும் காட்ட இயலவில்லை. இது இன்னும் வழக்கில் இருக்கும் செய்தி.

வேறு எந்த வைரஸ்கள் உணவுக்குழாயைத் தாக்குகின்றன?

ஹெர்பீஸ் வைரஸும் சைட்டோமெகலோ வைரஸும் தாக்கும். ஆனால் அவை உண்டாக்குவது புண்கள், கட்டிகள் அல்ல. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், கீமோ எடுப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள் போன்ற எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கே பெரும்பாலும் இவை வரும். விழுங்கும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி இருக்கும். எச்ஐவி உள்ளவர்களுக்கு மனித ஹெர்பீஸ் வைரஸ் 8 என்னும் வைரஸால் கபோசி என்ற புற்றுக்கட்டி வரலாம்; அது குடல் பாதையிலும் தோன்றக்கூடும்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் மலேசியர்களுக்குப் பழகிய பெயர். மூக்கின் பின்புறத் தொண்டையில் வரும் புற்றுநோய்க்கு அது முதன்மைக் காரணி. நம் நாட்டில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் அந்நோய் மிகுதி. உணவுக்குழாயில் அதன் பங்கு மிக அரிதான ஒருசில கட்டிகளோடு முடிந்துவிடுகிறது.

எச். பைலோரி கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். அதுவா காரணம்?

அது பாக்டீரியா, வைரஸ் அன்று. அது வயிற்றுப் புண்ணுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் காரணி. மருத்துவர் கொடுத்த மருந்தைக் குறைக்காமல் முழுவதும் சாப்பிடுங்கள். மருக்கட்டியோடு அதை முடிச்சுப்போட வேண்டியதில்லை.

அறிக்கையில் எச்பிவி என்று இருக்கிறது. என் கணவரிடமிருந்து வந்திருக்குமா?

இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்பார்கள். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: உணவுக்குழாயில் ஒரு மருக்கட்டி இருப்பதை வைத்து, யாருடைய ஒழுக்கத்தைப் பற்றியும் எந்த முடிவுக்கும் வர முடியாது. பல மருக்கட்டிகளில் வைரஸே இல்லை. இருந்தாலும், அது எப்போது, யாரிடமிருந்து, எந்த வழியில் வந்தது என்பதைச் சொல்லும் சோதனை உலகில் இல்லை. இது உடலுறவு வழியாகவும் பரவும், பிறக்கும்போது தாயிடமிருந்தும் வரக்கூடும்; பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்துவிட்டு வெளிப்படவும் கூடும். வாழ்நாளில் ஏதோ ஒரு வகை எச்பிவி தொற்றாதவர்கள் குறைவு. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை நீக்கிவிடுகிறது. ஓர் அறிக்கையின் ஒற்றை வரியால் முப்பது ஆண்டு வாழ்ந்த தம்பதியர் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துன்பத்துக்கு மருத்துவத்தில் எந்த நியாயமும் இல்லை.

ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, அதே குவளையில் தண்ணீர் குடிப்பதாலோ உணவுக்குழாய் மருக்கட்டி பரவும் என்பதற்கும் சான்று இல்லை. பேரப்பிள்ளைகளை ஒதுக்கி வைக்க வேண்டாம்.

மகளுக்குப் பள்ளியில் போட்ட எச்பிவி தடுப்பூசி உணவுக்குழாயையும் காக்குமா?

மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகளிலேயே இந்தத் தடுப்பூசி போடும் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் நோக்கம் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. அந்த ஒன்றுக்காகவே அதைத் தயங்காமல் போட்டுக்கொள்ள வேண்டும். 6, 11 வகைகளையும் தடுக்கும் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட ஆஸ்திரேலியாவில், குழந்தைகளின் குரல்வளை மருக்கட்டிகள் வெகுவாகக் குறைந்துள்ளன. உணவுக்குழாய் மருக்கட்டியும் குறையும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் குறைக்கும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே உள்ள தொற்றையோ கட்டியையோ தடுப்பூசி கரைக்காது.

எனக்குக் கருப்பைவாய்ச் சோதனையில் எச்பிவி இருப்பதாக வந்தது. உணவுக்குழாயையும் சோதிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. கருப்பைவாய்க்கான தொடர்சோதனைகளைத் தவறவிடாதீர்கள். அங்கேதான் ஆபத்து நிறுவப்பட்டிருக்கிறது.

பிறகு நம்மவர்களுக்கு ஏன் இந்தப் புற்றுநோய் அதிகம் வருகிறது?

மலேசியாவின் புற்றுநோய்ப் பதிவேட்டில், உணவுக்குழாய்ப் புற்றுநோய் மூன்று பெரிய இனங்களுள் இந்தியரிடையே கூடுதலாகப் பதிவாகி வந்திருக்கிறது. இங்கேதான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். ஏனெனில் வைரஸைப் பற்றிய அச்சம், கண்முன் உள்ள காரணத்தை மறைத்துவிடுகிறது.

வெற்றிலை பாக்கை எடுத்துக்கொள்வோம். பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்தால் வந்தது. கோவில் தட்டிலும் கல்யாண வரிசையிலும் அது இல்லாமல் நமக்கு எதுவும் தொடங்குவதில்லை. என் பெரியம்மா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர். மடியில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். காம்பு கிள்ளிய வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, ஒரு துண்டுப் புகையிலை. விடியற்காலை மரம் வெட்டப் போகும்போது கன்னத்தில் அடக்கினால் மத்தியானம் வரை அது அங்கேயே இருக்கும். சாறு முழுவதையும் துப்புவதில்லை. பாதி உள்ளே இறங்கும். அந்தச் சாறு இறங்கும் வழிதான் உணவுக்குழாய். பாக்கு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வெளியிட்ட தொகுப்பு முடிவு செய்திருக்கிறது. "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கும் அந்த முடிவு பொருந்தும். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பெரியம்மாவுக்கு முதலில் இறைச்சித் துண்டு இறங்கவில்லை. வாய்வு என்றார். பிறகு சோறு நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார். பிறகு கஞ்சி மட்டும். ஆறு மாதம் கழித்து, வெந்நீரே மேலேறி வந்த ஒரு நாளில்தான் பிள்ளைகளிடம் சொன்னார். கெட்டியான உணவிலிருந்து கஞ்சிக்கு, கஞ்சியிலிருந்து தண்ணீருக்கு என்று தடை இப்படிப் படிப்படியாக ஏறினால், அது வாய்வு அன்று. குழாயின் பெரும்பகுதி அடைபட்ட பிறகே இந்த அறிகுறி வெளியே தெரிகிறது என்பதால், முதல் படியிலேயே போக வேண்டும்.

மதுவும் சிகரெட்டும் அடுத்தவை. தோட்டத்துக் கள்ளு, மலிவான சம்சு, பீர், விஸ்கி எதுவானாலும், உடலில் அது அசெட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறுகிறது. குடியும் புகையும் ஒருவரிடமே சேர்ந்தால், ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. புகையை விட விரும்புபவர்களுக்கு அரசின் எம்குயிட் சேவை உண்டு.

சுடச்சுடத் தே தாரிக் குடிப்பதும் தவறா?

2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 65 பாகை செல்சியஸுக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. தேநீரோ காப்பியோ குற்றவாளி அல்ல, சூடுதான். ஆற்றி இழுத்த தே தாரிக் ஓரளவு ஆறியிருக்கும். நாக்கு சுட்டால் இன்னும் சில நிமிடம் பொறுத்துக் குடியுங்கள்.

எப்போது ஸ்கோப் எடுக்க வேண்டும்? எங்கே போவது?

விழுங்கத் தடை, காரணமில்லாமல் எடை குறைதல், இரத்த வாந்தி, கறுப்பாக மலம் போதல், மருந்துக்கு அடங்காத நெஞ்செரிச்சல் ஆகியவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக்கூடாது. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார மருந்தகத்தில்) குடிமக்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்துக் கடிதம் வாங்கினால், அரசு மருத்துவமனையின் நிபுணரிடம் குறைந்த கட்டணத்தில் போகலாம். அங்கே போகும்போது, எந்த உணவு எப்போதிலிருந்து இறங்கவில்லை என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். "கேஸ்ட்ரிக்" என்ற ஒரு சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் முறை வருவது தாமதமாகலாம். வெற்றிலை, குடி, புகை ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றைக் கேட்டறிந்த மருத்துவர், அயோடின் கரைசலை உள்ளே தெளித்துப் பார்க்கக்கூடும்: நல்ல படலம் பழுப்பாகும், கெட்ட இடம் மட்டும் வெளிறி நிற்கும்.

மருக்கட்டியை எடுத்துவிட்டார்கள். மறுபடியும் பார்க்க வேண்டுமா?

சிறு கட்டியை ஸ்கோப் வழியாகவே இடுக்கியாலோ கம்பிச் சுருக்காலோ எடுத்துவிடுவார்கள். அது மீண்டும் வருவது அரிது. ஒரே கட்டியாக இருந்து, முழுவதும் எடுக்கப்பட்டு, திசுவில் தீங்கற்றது என்று வந்திருந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் தொடர்ந்து ஸ்கோப் எடுக்கச் சொல்வதில்லை. பல கட்டிகள் இருந்தாலோ, உயிரணுக்களில் ஒழுங்குக் குலைவு காணப்பட்டாலோ, எதிர்ப்பாற்றல் குறைவாக இருந்தாலோ அவர்கள் ஒரு தேதி தருவார்கள். திசு அறிக்கை வர ஓரிரு வாரங்கள் ஆகும். ஸ்கோப் எடுத்த அன்றே "ஒன்றுமில்லை" என்று வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.